குரூப்புக்குள் வந்த புது ஆன்மா

எங்கள் மாதா கோயில் மைக்கில் பல வருஷமாக ஒரு 'கொய்ங்' சத்தம் இருந்தது. பூசையில் சாமியார் கையை விரித்துச் செபிக்க ஆரம்பித்தால் அதுவும் கூடவே ஆரம்பிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் எழுந்து போய் ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் இரையத்தான் செய்யும் என்பது என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் எங்கள் பங்குக்கு, அதாவது கோயில் சபைக்கு, புதிதாக வந்திருந்த சாமியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பூசை முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "சார், உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். அடுத்த வாரம் நான் பங்கின் ஊடகக் குழுத் தலைவர். குழுவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சாமியாருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கலாம். பெங்களூரில் ஊடகம் படித்தவர். நல்ல மனுஷர், ஆனால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார மாட்டார். வந்த முதல் மாசமே பங்கு மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து எங்களுக்குப் படங்கள் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் கடல், படகு, வலை. அடுத்த படத்தில் ஒரு செல்போன். நடுவில் கொட்டை எழுத்தில், 'அன்று வலை, இன்று இணையவலை'.

"ஜனங்க எங்க இருக்காங்களோ அங்கதான் நாம போகணும். ஜனங்க இப்ப எங்க இருக்காங்க? போன்ல இருக்காங்க" என்றார்.

அதில் மறுக்க எதுவும் இல்லை. அவர் பேசும்போதே முன்வரிசையில் இரண்டு பேர் போனில்தான் இருந்தார்கள்.

எங்கள் பங்கில் சனிக்கிழமை சாயங்காலம் வீடு சந்திக்கப் போகும் பழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராகப் போய், உட்கார்ந்து, நலம் விசாரித்து, ஒரு செபம் சொல்லிவிட்டு வருவோம். அதை நடத்தி வந்தது அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. அவர் பையில் செபப் புத்தகத்தோடு பிரஷர் பார்க்கிற கருவியும் இருக்கும். செபம் பாதி, பிரஷர் பாதி. வேற்றுச் சாதி, வேற்று மத வீடுகளிலும் அக்காவை வாசலில் நிறுத்தி, "எனக்கும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்கக்கா" என்று கையை நீட்டுவார்கள்.

சாமியார் அந்தப் பழக்கத்தை மெதுவாகத்தான் தொட்டார். "அக்கா, ஒரு சாயங்காலம் பூராம் நடந்தா ஆறு வீடு போவீங்களா? ஒரு மெசேஜ் ஒரு நொடியில பங்கு முழுக்கப் போயிரும்."

"மெசேஜ் பிரஷர் பாக்குமா சாமி?" என்றார் அக்கா.

"அதுக்கும் ஆப் வந்துருச்சுக்கா" என்று சாமியார் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த மாசத்தோடு சனிக்கிழமை நடை நின்றது.

அந்த மண்டபக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் உபதேசியார். ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துவது, கோயில் சாவி வைத்திருப்பது எல்லாம் அவர் வேலை. இந்தச் சாமியார் அவர் பார்க்கிற ஒன்பதாவது சாமியார். ஒருவர் காலத்தில் தெருநாடகம் போட்டார்கள். ஒருவர் ஜீப்பில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊர் ஊராகப் போனார். பிறகு துண்டுப் பிரசுரம், வில்லுப்பாட்டு, கேசட், சி.டி. எல்லாவற்றிலும் உபதேசியார் முழு நம்பிக்கையோடு வேலை செய்திருக்கிறார். எல்லாவற்றின் மிச்சத்தையும் கோயிலின் பின்புறச் சாமான் அறையில் பூட்டியும் வைத்திருக்கிறார். அன்று வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: "புதுசா எது வந்தாலும் சாமான் ரூம்புல எடம் இருக்கான்னுதான் சார் நான் மொதல்ல பாப்பேன். இதுல ஒரு வசதி, போனுக்கு எடம் ரொம்ப வேண்டாம்."

வாட்ஸப் குரூப் ஆரம்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பங்கின் குடும்பப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நம்பர் நம்பராக ஏற்றினேன். பட்டன் போன் வைத்திருந்தவர்களையும், போனே இல்லாதவர்களையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'பிறகு' என்று எழுதினேன். ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

முதல் நாள் காலையில் சாமியார் மூன்று நிமிஷம் உருக்கமாகப் பேசி அனுப்பினார். அதற்குக் கீழே பங்குக்காரர் ஒருவர் திருப்பத்தூர் சந்தையில் நின்றபடி, நல்ல கிடேரிக் கன்று ஒன்று விலைக்கு வருகிறது என்று படம் போட்டார். சாமியாருக்கு ஏழு பேர் கைகூப்பினார்கள். கன்றுக்கு இருபது பேர் இதயம் போட்டார்கள். பிறகு ரோஜாப்பூ வந்தது. சிறுநீரகக் கல்லைக் கரைக்க வாழைத்தண்டு வந்தது. பாடற்குழுவில் யார் முன்னால் நிற்பது என்று இரண்டு பெண்களுக்குள் தொடங்கிய சண்டையை நான் மூன்று நாள் தீர்த்துவைத்தேன். மூன்றாம் நாள் இருவரும் சமாதானமாகி என்னைத் திட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் சாமியாரின் ஒவ்வொரு பேச்சுக்கும் தவறாமல் கைகூப்பினார். காலை ஐந்தரைக்குப் போட்டாலும் ஐந்து முப்பத்தொன்றுக்குக் கைகூப்புவார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. படம் இருக்க வேண்டிய இடத்தில் சூரிய உதயம்.

"யார் சார் இந்தப் புள்ளி?" என்று சாமியார் கேட்டார்.

பதிவேட்டில் பார்த்தேன். அந்த நம்பருக்குரிய குடும்பத்தைக் கேட்டால், "அந்த சிம்ம விட்டு ரொம்ப வருஷமாச்சே சார்" என்றார்கள். அப்படியானால் இது யாரோ வெளியாள். சாமியாரிடம் சொன்னேன். "தப்பாச் சேர்த்துட்டேன் சாமி. எடுத்துர்றேன்."

அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "எடுக்காதீங்க! தப்பாச் சேர்த்தது நீங்க. சேர்ந்தவர் போகாம இருக்காரே, அது யார் வேலை?"

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை. நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு ரீல்ஸ் வந்தது. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் உபதேசியார் வெள்ளை வேட்டி சட்டையில் வேதபுத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். பின்னணியில் சாமியாரின் குரல், நிலையில்லாத இந்த உலக வாழ்வைப் பற்றிப் பேசும். வாசலில் இருந்த காவல்காரர், "கல்யாண ஷூட்டிங்னா முன்னாடியே சொல்லணும் சார். பொண்ணு எங்க?" என்றார். பொண்ணு இல்லை, உபதேசியார்தான் என்று புரியவைத்து, வெயிலில் அவரைப் பதினோரு தடவை நடக்க விட்டோம். ஒவ்வொரு தடவையும், "சிரிக்கணுமா சாமி, வேண்டாமா?" என்று கேட்டார்.

அந்த ரீல்ஸ் நாங்கள் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. சாமியார் பின்னூட்டங்களைப் படிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். 'இந்த வீடு எங்கே இருக்கிறது?' 'ஓட்டலா? ரூம் கிடைக்குமா?' 'தூண் பர்மா தேக்குதானே?' 'பெரியவர் வீட்டு ஓனரா?' நிலையில்லாத வாழ்வைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. புள்ளி மட்டும் குரூப்பில் கைகூப்பியிருந்தார்.

மழைக்காலத்தில் பங்கில் அடுத்தடுத்துச் சில இறப்புகள். குரூப்பில் அறிவிப்புப் போடுவது என் வேலை. மூன்றாம் தெருவில் ஒரு வீட்டில் காலையில் இறப்பு என்று போன் வந்தது. அறிவிப்பைப் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்து போனேன். நான் போவதற்குள் வாசலில் ஒரு மினிவேன் நின்றது. குளிர்பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் பந்தலுக்குக் குழாய் நட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லி அனுப்பிட்டீகளே சார், பெரிய உதவி" என்று அழுதார். நான் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவது முறையில்லை என்று நன்றியை வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் எல்லாப் பங்குகளின் ஊடகக் கூட்டம் நடந்தது. எங்கள் சாமியார் அங்கே போய்ப் புள்ளியின் கதையைச் சொல்லிவிட்டார். யாரும் அழைக்காமல் வந்து, யாரும் வற்புறுத்தாமல் தங்கி, தினமும் நற்செய்தி கேட்கும் ஓர் ஆன்மா. பலத்த கைதட்டல். அந்த ஆன்மாவின் சாட்சியத்தை மூன்று நிமிஷ வீடியோவாக எடுத்து அனுப்பும்படி கேட்டார்களாம்.

சாமியார் அந்த நம்பருக்கே போன் போட்டார். எதிர்முனையில் ஒரு மரியாதையான குரல். "அடடா, சாமியா? வாங்க சாமி. திருப்பத்தூர் ரோட்டுல வந்தீகன்னா இங்குட்டு ரெண்டாவது கேட்டு."

சாமியார் ஒரு புது வேதபுத்தகத்தையும் ஒரு பெட்டி கேக்கையும் எடுத்துக்கொண்டார். நான் கேமராவும் ஸ்டாண்டும். அக்கா, "அந்த ஆளு யாருன்னு நானும் பாக்குறேன்" என்று காரில் ஏறிக்கொண்டார்.

கேட்டைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் பந்தல் குழாய்கள். இன்னொரு பக்கம் தார்ப்பாய் மூடிய மூன்று குளிர்பெட்டிகள். மூன்றாம் தெருவில் நான் பார்த்த அந்த மினிவேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலி அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கும் விளங்கிவிட்டது. சாமியாருக்கு மட்டும் விளங்கவில்லை. அவர் நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து வந்த பந்தல்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். நெற்றியில் திருநீறு. எங்களுக்குத் தன் சரக்கிலிருந்தே நாற்காலி எடுத்துத் துடைத்துப் போட்டார். நான் கேமராவை ஓட விட்டேன்.

"உங்க பேரு ஏன் புள்ளியா இருக்கு?" என்று சாமியார் இதமாக ஆரம்பித்தார்.

"பேரு போடச் சொல்லிக் கேட்டுச்சு சாமி. எனக்கு டைப்படிக்க வராது. ஒரு புள்ளிய வச்சேன், உள்ள விட்டுருச்சு."

"தினமும் என் பேச்சக் கேக்குறீங்க. கேக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சாமி. வண்டி ஓட்டிக்கிட்டே கேப்பேன். போன மாசம் மன்னிக்கிறதப் பத்திப் பேசுனீகள்ல, அன்னைக்கு எந்தம்பிய நான் திட்டல. எங்களுக்குள்ள வரப்புத் தகராறு. மறுநா திட்டிட்டேன், அது வேற."

சாமியார் என்னைப் பார்த்து, எடுக்கிறீர்களா என்று கண்ணால் கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வெளியேற ஒரு பட்டன் அமுக்கினாப் போதும். நீங்க போகல. உங்களப் பிடிச்சு வச்சிருக்கிறது எது?"

"எப்பிடிப் போறது சாமி?" என்றார் பந்தல்காரர். "எழவுச் செய்தி பூராம் அதுலதான வருது."

நாற்காலி அடுக்கு லேசாகக் குலுங்கியது. அக்கா சாய்ந்து நின்று சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பந்தல்காரருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. எழுந்து நின்றுகொண்டார். "நாங்க ஒக்கூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம் சாமி. எங்களுக்குக் கொலசாமி அய்யனாரு. அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல. ஒங்க பேச்சு நல்லாருக்குன்னு சொன்னதும் நெசந்தான். போகச் சொன்னீகன்னா இப்பவே போயிர்றேன், மனசுல வச்சுக்காதீக."

"சேச்சே, இருங்க, இருங்க" என்றார் சாமியார். அவர் காது மடல் சிவந்திருந்தது. கேக் பெட்டியை நீட்டினார். வேதபுத்தகத்தை நீட்டவில்லை. நான் கேமராவை நிறுத்தினேன்.

காப்பி வந்தது. கிளம்பும் நேரத்தில் பந்தல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சாமி. பள்ளத்தூர்ல ஒங்க ஆளு ஒருத்தவுக, கோயில்ல ஆர்மோனியம் வாசிப்பாகளே, அவுகளப் பத்தி குரூப்புல ஒண்ணுமே காணமே?"

அக்கா வெளியே வந்தார். "அவருக்கு என்ன?"

"கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துருக்காகல்ல? மூணு மாசத்துக்கு மேல ஆயிருச்சே. சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டிலு எல்லாம் நாந்தான் கொண்டுபோய்ப் போட்டேன். பிள்ளைக சிங்கப்பூர்ல இருக்கு. ஒரு அம்மா வந்து பாத்துக்குது. கோயில்லருந்து யாரும் வரலையான்னு கேட்டேன். செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துக்கிட்டாக. சரி, குரூப்புல செய்தி வரும் வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பெரியவரிடம் பட்டன் போன்தான். என் பென்சிலால் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பிறகு' என்று எழுதியிருந்தேன். பதினைந்து வருஷம் எங்கள் கோயிலில் வாசித்தவர். அவர் பூசைக்கு வராததை நான் கவனிக்காமல் இல்லை. பிள்ளைகளிடம் சிங்கப்பூர் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அங்கிருந்து நேரே பள்ளத்தூருக்குக் காரில் போகும்போது இதை மற்ற இருவரிடமும் சொன்னேன். அக்கா, "சனிக்கிழம நடை இருந்திருந்தா அந்த வாரமே தெரிஞ்சிருக்கும்" என்றார். அதைச் சண்டைக்கு இழுப்பது போலச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது.

பள்ளத்தூரில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் தாடி. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சாமியார் மேல் கண் நின்றது.

"தோத்திரம் சாமி" என்றார். "என்ன, இன்னைக்கு சிக்னல் கெடைக்கலையா?"

சாமியார் நின்றுகொண்டே இருந்தார். பெரியவர் விடுவதாக இல்லை.

"ரெண்டு தெரு தள்ளித்தான் ஒங்க உபதேசியார வெயில்ல நடக்க விட்டீகளாமே, இந்த அம்மா பாத்துட்டு வந்து சொல்லுச்சு. அங்குட்டு அத்தன தடவ நடந்தவுக, இங்குட்டு ஒரு தடவ நடந்திருக்கலாம்."

நாங்கள் ரீல்ஸ் எடுத்த நாளில் அவர் இங்கே படுத்துக் கிடந்திருக்கிறார். சாமியார் ஏதாவது விளக்கம் சொல்வார் என்று நினைத்தேன். மண்டபத்தில் எந்தக் கேள்விக்கும் அவரிடம் அடுத்த படம் தயாராக இருக்கும். இங்கே அவர் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கங்கய்யா" என்றார். பெரியவர் அவரைக் குனிந்து பார்த்தார். பிறகு, "தரை சில்லுன்னு இருக்கும், எந்திரிங்க சாமி" என்றார். அக்கா அதற்குள் பையைத் திறந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். பிரஷர் கூடுதலாக இருந்தது. "இவ்வளவு நேரம் கோவப்பட்டா ஏறாதா?" என்று அதட்டினார்.

அந்த வாரமே சனிக்கிழமை நடை திரும்பவும் தொடங்கியது. சும்மா தொடங்கவில்லை. மண்டபத்தில் மறுபடி புரொஜெக்டர் போட்டு, 'நேரடி இணைப்பு: ஒரு புதிய அணுகுமுறை' என்று சாமியார் பதினாறு படம் காட்டினார். ஏழாவது படத்தில் ஒருவர் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டும் முறையைப் படம் போட்டு விளக்கக் கேட்டபடி அக்கா பொறுமையாக உட்கார்ந்திருந்தார். குரூப்பும் இருந்தது. இழவுச் செய்திக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதைப் பந்தல்காரர் ஏற்கனவே நிரூபித்திருந்தார்.

அடுத்த ஊடகக் கூட்டத்தில் சாமியார் எழுந்து, அந்த ஆன்மா யார் என்பதையும் பள்ளத்தூரில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. தேநீர் இடைவேளையில் வயசான சாமியார் ஒருவர் மட்டும் அருகில் வந்து, "அந்தப் பந்தல்காரர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாராம். இதை எங்களிடம் சொல்லும்போது சாமியார் சிரித்தார். தன்னைப் பார்த்துத் தானே அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

நடை திரும்பி வந்ததும் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். போன சனிக்கிழமை நானும் அக்காவும் போன முதல் வீட்டில், உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருக்க, வெளியே வந்த பெண் வீட்டில் யாரும் இல்லை என்றார். இரண்டாவது வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா எழுந்து வரவேற்றார், ஆனால் ஒரு கண் டி.வி.யிலேயே இருந்தது. "பத்து நிமிஷம் பொறுத்துக்கிறீகளா சார்? இன்னைக்கு அவ மாமியார் கையும் களவுமா மாட்டப் போறா" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சோபாவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த மாமியா, மூத்தவளா இளையவளா?" என்று கேட்டார். வீட்டுக்காரம்மா மொத்தக் கதையையும் சொன்னார். மூன்று பேரும் கடைசி வரைக்கும் பார்த்தோம். அன்றைக்கு மாமியார் மாட்டவில்லை. பிறகு அந்த அம்மா ரிமோட்டை அமுக்கிவிட்டு, மகளின் வாழ்க்கையைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மூன்றாவது வீட்டுக்கு நாங்கள் போகவே இல்லை.